கடலுக்கும் ஓர் அடங்கல் வேண்டும்

சென்ற ஐப்பசி மாதம் பாகூருக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில், களத்துமேட்டில் அமர்ந்து, நெல்லுக்கு மேலுரம் இடுவது பற்றி நாலைந்து விவசாயிகளுடன் பேசிக்கொண்டிருந்தேன். இரண்டு காணியில் சம்பா நட்டிருந்த ஒருவர் எழுந்து வீட்டுக்குப் போய், கையில் ஒரு பிளாஸ்டிக் புட்டியுடன் திரும்பி வந்தார்.

"ஐயா, இது கடல்பாசி மருந்துங்க. தூர் கட்டுறப்ப ஒரு தெளிப்பு, கதிர் உருவாகுறப்ப ஒரு தெளிப்பு அடிச்சா யூரியா, டி.ஏ.பி. எதுவுமே வேணாம்னு கடைக்காரர் சொல்றாரு. நெசங்களா?"

"இல்லீங்க. அது உரம் இல்ல" என்றேன்.

"சரிங்க. இந்தப் பாசி எங்க வெளையுது? நம்ம கடல்லயும் இருக்குதா?"

முதல் கேள்விக்கு விடை சொல்ல அரை நிமிடம் போதும். இரண்டாவது கேள்விதான் வீடு திரும்பும் வழியெல்லாம் என்னுடன் வந்தது. நான் குடியிருப்பது கருவடிக்குப்பம். சித்தானந்த சுவாமி கோயிலைத் தாண்டிக் கிழக்கே சைக்கிளை மிதித்தால் பத்து நிமிடத்தில் கடல். வேளாண்மைப் பல்கலைக்கழக விரிவாக்கப் பணியில் இத்தனை ஆண்டுகளாக, எந்த ஊரில் என்ன மண், எந்த ஏரியின் கீழ் எத்தனை ஏக்கர் என்று கேட்டவுடன் சொல்லிப் பழகியவன் நான். கடலைப் பற்றி ஒருவர் அதேபோலக் கேட்டபோது, எடுத்துக் காட்ட என் கையில் பதிவேடு ஏதும் இல்லை. அந்தப் பதிவேடு ஏன் வேண்டும், அது நிலத்தில் பாடுபடுகிறவனுக்கு எந்த வகையில் சொந்தக் காரியம் என்பதையே இங்கு எழுதுகிறேன்.

முதலில் புட்டியின் கணக்கைத் தீர்த்துவிடுவோம். ஓர் ஏக்கருக்கு 200 லிட்டர் தெளிப்பு நீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். லிட்டருக்கு 2 அல்லது 3 மில்லி கலந்தால் ஏக்கருக்குச் செல்லும் பாசிச் சாறு அரை லிட்டர் அளவே. ஆனால் நெல் பயிருக்கு ஏக்கருக்கு ஏறக்குறைய 50 முதல் 60 கிலோ தழைச்சத்து சிபாரிசு செய்கிறோம். அரை லிட்டர் சாறு முழுவதும் தழைச்சத்தாகவே இருந்தாலும் அது எந்த மூலைக்குக் காணும்? பாசிச் சாற்றில் இருப்பது பயிரின் வளர்ச்சியைத் தூண்டும் பொருள்கள், கொஞ்சம் சாம்பல்சத்து, சிறிதளவு நுண்ணூட்டங்கள். வேர் ஓட்டமும் தூர்களும் கூடும். வறட்சியைச் சிறிது தாங்கும். இவையெல்லாம் சோதனைகளில் கண்டவை, நான் மறுக்கவில்லை. 2021-இல் மத்திய அரசு உரக் கட்டுப்பாட்டு ஆணையில் திருத்தம் செய்து, கடற்பாசிச் சாறு உள்ளிட்ட இத்தகைய பொருள்களை 'உயிர்த்தூண்டிகள்' என்று தனி வகையாகச் சேர்த்தது. தூண்டி என்பது தூண்டிதான். பட்டினி கிடக்கும் மாட்டைத் தார்க்குச்சியால் தூண்டினால் எத்தனை தூரம் நடக்கும்? அடியுரம், மேலுரம் சரியாக இட்ட வயலில், கையில் மிச்சம் இருந்தால் தெளித்துப் பாருங்கள். வாங்கும்போது, அந்த ஆணையின்கீழ் அறிவிக்கப்பட்ட பொருள்தானா என்று கேட்டு, இரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி இரண்டாவது கேள்வி. அதற்கு முன் பாசி என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்தாக வேண்டும். நாம் குளத்தில் படர்வதையும் பாசி என்கிறோம், கிணற்றுப் படியில் வழுக்குவதையும் பாசி என்கிறோம். ஏரியில் காலைச் சுற்றும் வேலம்பாசி உண்மையில் பாசியே அல்ல. வேர், தண்டு, இலை, பூ எல்லாம் உள்ள செடி. கடலிலும் இப்படியே இரண்டு இனங்கள் உண்டு. கடற்பாசிக்கு வேர் கிடையாது. பாறையையோ சிப்பியையோ பற்றிக்கொள்ளும் ஒரு பிடிப்பு மட்டும் உண்டு. உணவை உடம்பு முழுவதாலும் தண்ணீரிலிருந்து எடுத்துக்கொள்ளும். பச்சை, பழுப்பு, சிவப்பு என்று மூன்று பெரும் பிரிவுகள். இந்தியக் கடல்களில் மட்டும் எண்ணூறுக்கு மேற்பட்ட வகைகளைக் கண்டு பெயர் எழுதியிருக்கிறார்கள். கடல்புல் வேறு. அது மணலுக்குள் கிழங்கு ஓட்டி, வேர் விட்டு, தண்ணீருக்குள்ளேயே பூத்து விதை கொடுக்கும் செடி. நிலத்தில் பிறந்து கடலுக்குத் திரும்பிப்போன வம்சம். புல் என்று பேர் இருந்தாலும் நம் அருகம்புல்லுக்கு உறவு அல்ல. இவற்றில் பல, ஏரி வேலம்பாசியின் குடும்பத்தையே சேர்ந்தவை. உலகம் முழுவதிலும் எழுபதை ஒட்டிய வகைகளே உண்டு. அவற்றில் ஏறக்குறையப் பதினான்கு நம் நாட்டில் உள்ளன. பாக்கு நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும்தான் அவை செழிப்பு.

நம் புதுச்சேரிக் கரையில் என்ன இருக்கிறது? அலை ஓங்கி அடிக்கும் மணற்கரை இது. கடல்புல்லுக்கு அமைதியான, தெளிந்த, ஆழமில்லாத தண்ணீர் வேண்டும். இங்கே கரையோரம் அது காலூன்ற இடமில்லை. பாசிக்கோ பற்றிக்கொள்ளப் பாறை வேண்டும். முன்பு அதுவும் இல்லை. 1980-களின் கடைசியில் ஊருக்குத் தெற்கே துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர்கள் கட்டியபின், தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருந்த மணல் தடைபட்டு, வடக்கே கரை அரித்துக்கொண்டே போயிற்று. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர் என்று வரிசையாகக் கருங்கற்களைக் கொட்டினார்கள். மாசிமகத்துக்குச் சாமிகள் தீர்த்தவாரிக்கு வரும் வைத்திக்குப்பத்தில் போய்ப் பாருங்கள். அந்தக் கற்களின்மேல் இன்று பச்சைப் பட்டுத்துணி கிழிந்தாற்போல ஒரு பாசி, பெயின்ட் பிரஷ்ஷின் மயிர்க்கற்றை போல இன்னொரு பாசி. முன்னதை உல்வா என்றும், பின்னதைக் கீட்டோமார்பா என்றும் தாவர நூலார் அழைக்கிறார்கள். மணல் போன இடத்தில் கல் வந்தது. கல் வந்த இடத்தில் பாசி வந்தது. ஒரு தலைமுறைக்குள் நம் கண்முன்னே ஒரு கரையின் 'பயிர்' மாறிவிட்டது. வயலில் இப்படி மாறியிருந்தால் அடங்கலில் ஏறியிருக்கும்.

அடங்கல் என்றால் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. எந்தச் சர்வே எண்ணில், எந்தப் போகத்தில், என்ன பயிர், எத்தனை ஏக்கர் என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதிவைக்கும் கணக்கு. வெள்ளம் வந்தால் நிவாரணத்துக்கும், வங்கியில் கடனுக்கும் அந்த ஒரு தாள்தான் ஆதாரம். கடலுக்கு அப்படி ஒரு தாளைத் தயாரிக்கும் வேலையைத்தான் பாசிகளையும் கடல்புற்களையும் ஆராய்கிறவர்கள் செய்கிறார்கள். பார்க்கிறவர்களுக்கு அது வேலையற்றவர் வேலையாகத் தெரியும். எனக்கும் மாணவனாக இருந்தபோது அப்படித்தான் தெரிந்தது. பாசியைத் தாளில் ஒட்டிக் காயவைத்து இலத்தீன் பெயர் எழுதுவதால் ஒரு மூட்டை நெல் கூடுமா என்று கேலி பேசியிருக்கிறேன்.

கூடியிருக்கிறது என்பதைப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். நெல் வயலில் இடும் நீலப்பச்சைப் பாசியை உங்களில் பலர் அறிவீர்கள். நீர் தேங்கிய நெல் வயலில் காற்றின் தழைச்சத்தைப் பிடித்துத் தருபவை இந்தப் பாசிகளே என்று 1939-இல் வங்காளத்தில், டாக்காவிலிருந்து பி. கே. டே என்ற விஞ்ஞானி எடுத்துக் காட்டினார். எந்தப் பாசி பிடிக்கிறது, எது சும்மா மிதக்கிறது என்று பிரித்தறிய, ஒவ்வொன்றையும் அடையாளம் காட்டும் நூல் வேண்டாமா? அதைச் சென்னையில் டி. வி. தேசிகாச்சாரி எழுதினார். 1959-இல் அதை வெளியிட்டது இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகம். பாசிக்குப் பெயர் வைக்கும் நூலை விவசாயத்துக்கான கழகம் ஏன் அச்சிட்டது என்று யோசித்தாலே விஷயம் விளங்கும்.

தேசிகாச்சாரிக்கு முந்தைய தலைமுறையில் எம். ஓ. பார்த்தசாரதி ஐயங்கார் இருந்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் கற்பித்தவர். இந்தியப் பாசியியலின் தந்தை என்று இவரைச் சொல்வார்கள். பாம்பனுக்கு அருகில் உள்ள குருசடைத் தீவின் கடல் தாவரங்களைப் பற்றி அவர் எழுதியது 1927-இல் சென்னை அருங்காட்சியக வெளியீடாக வந்தது. அந்தத் தீவின் பெயரை நினைவில் வையுங்கள், திரும்ப வரப்போகிறது.

இராமநாதபுரம் கரையில் பாசி எடுப்பது பெண்களின் தொழில். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, இடுப்பில் பையுடன் மூச்சைப் பிடித்து மூழ்கிப் பறிக்கிறார்கள். அவர்களுடைய பெயர்கள் நம் நெல் இரகங்களின் பெயர்களைப் போலவே அழகு: மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி, கட்டக்கோரை. முதல் இரண்டிலிருந்து அகர் அகர் கிடைக்கிறது. நோன்புக் காலத்தில் நம் முஸ்லிம் வீடுகளில் பாலில் காய்ச்சி உறையவைக்கும் கடல்பாசி அதுவே. கட்டக்கோரையிலிருந்து ஆல்ஜினேட் என்ற பசை. துணிக்கு அச்சுப் போடும் ஆலைகளுக்கு வேண்டியது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய அகர் வரத்து நின்றபோதுதான் மற்ற நாடுகள் தத்தம் கடலில் என்ன இருக்கிறது என்று அவசரமாகத் தேடின. தேவை வந்த பிறகு கணக்கெடுக்க ஓடுவது நமக்கு மட்டும் உள்ள பழக்கம் அல்ல போலும்.

இப்பெண்கள் பிடுங்குகிற முறையிலும் ஒரு விவசாயம் இருக்கிறது. அடிப் பிடிப்பை விட்டுவிட்டு மேலே கிள்ளினால் மறுபடி துளிர்க்கும். கீரைப் பாத்தி மாதிரி. மாதத்தில் எல்லா நாளும் இறங்குவதில்லை என்று அவர்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டவர்கள். பாம்பன் பக்கம் சின்னப்பாலத்தைச் சேர்ந்த இலட்சுமி மூர்த்தி என்ற பாசி எடுக்கும் பெண்மணிக்கு 2015-இல் அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பு பரிசு கொடுத்ததும் இத்தகைய பாதுகாப்பை மனதில் வைத்துத்தான். எந்தப் பாறையில் எந்தப் பாசி, எந்த மாதம் முற்றும் என்பது அவர்கள் மனத்தில் இருக்கும் அடங்கல். அதைக் கேட்டு எழுதிவைப்பது ஆய்வில் பாதி வேலை என்பேன்.

இப்போது குருசடைக்கு வருவோம். காப்பாபைகஸ் என்று ஒரு சிவப்புப் பாசி. பிலிப்பைன்ஸ் கடலுக்குச் சொந்தமானது. ஐஸ்கிரீமிலும் பற்பசையிலும் சேர்க்கும் கராஜீனன் இதிலிருந்து வருகிறது. நம் ஊர்ப் பாசி மருந்துப் புட்டிகள் பலவற்றில் இருப்பதும் இதன் சாறுதான். பாவ்நகரில் உள்ள மத்திய உப்பு, கடல் இரசாயன ஆராய்ச்சி நிலையம் இதை முதலில் சௌராஷ்டிரக் கரையிலும், 1990-களில் நம் மண்டபத்திலும் வளர்த்துப் பார்த்தது. 2000-க்குப் பிறகு பெப்சி நிறுவனம் இதை வணிகமாக எடுத்துக்கொண்டது. அதனால் மீனவர்கள் இன்றும் அதைப் 'பெப்சி பாசி' என்கிறார்கள். பத்துப் பன்னிரண்டு அடிச் சதுரத்தில் மூங்கில் மிதவை. அதில் கயிறு கட்டி, 60 கிலோ விதைப்பாசியைத் துண்டு துண்டாகக் கோத்துவிட்டால், 45 நாளில் மூன்று நான்கு மடங்காகும். உழவு இல்லை, தண்ணீர் பாய்ச்ச வேண்டாம், உரம் வேண்டாம். பல நூறு மீனவப் பெண்கள் கையில் முதன்முதலாகச் சொந்தக் காசு பார்த்தார்கள். அதை நான் சிறிதாக எண்ணவில்லை.

ஆனால் மன்னார் வளைகுடா 1986-லேயே கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இடம். 21 தீவுகள், சுற்றிலும் பவளப்பாறை. வெளியூர்ப் பாசி ஒன்று அங்கே தப்பித்துப் போனால் என்ன ஆகும் என்ற கேள்வி எழுந்தது. 2005-இல் தமிழக அரசு, பாக்கு நீரிணையின் வடக்கிலும் தூத்துக்குடிக்குத் தெற்கிலும் மட்டுமே இதை வளர்க்கலாம் என்று வரம்பு கட்டியது. 2008-இல், குருசடைத் தீவில் உயிருள்ள பவளத்தின்மேல் இந்தப் பாசி போர்வைபோல் படர்ந்திருப்பதாக 'கரண்ட் சயின்ஸ்' இதழில் ஆய்வாளர்கள் எழுதினார்கள். வளர்ப்பை ஆதரிப்பவர்கள், இது விதை போட்டுப் பரவுவதில்லை, மீன்கள் மேய்ந்துவிடும், கையால் அகற்றிவிடலாம் என்றார்கள். இரு தரப்பிலும் நல்ல விஞ்ஞானிகள் உண்டு. என் வருத்தம் வேறு. பாசி வருவதற்கு முன் குருசடையில் பாறைக்குப் பாறை என்ன இருந்தது என்ற முறையான, ஆண்டுதோறும் புதுப்பித்த கணக்கு மேசைமேல் இருந்திருந்தால், இந்தச் சண்டைக்கு இத்தனை ஆண்டு பிடித்திருக்காது. ஐயங்கார் 1927-இல் தொடங்கிவைத்த பக்கத்தை இடைவெளி விடாமல் நாம் எழுதிக்கொண்டே வந்திருக்க வேண்டும்.

அதே இராமநாதபுரம் மாவட்டத்தில் கரைக்கு இந்தப் பக்கம் என்ன நடந்தது? விறகுக்கும் வேலிக்கும் என்று கொண்டுவந்த சீமைக்கருவேல் கண்மாயெல்லாம் புகுந்தது. 2017-இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வெட்டச் சொல்லி உத்தரவிட வேண்டியதாயிற்று. இன்றும் வெட்டி முடிந்தபாடில்லை. அதைக் கொண்டுவந்தவர்களும் ஏழைகளுக்கு விறகு கிடைக்கட்டும் என்ற நல்லெண்ணத்தில்தான் கொண்டுவந்தார்கள். கரையில் இருக்கும் மரத்தையாவது புல்டோசர் வைத்துப் பிடுங்கலாம்.

இன்னொன்றும் நடந்தது. 2013-க்குப் பின் கடல்நீர் சூடேறிய பருவங்களில் இந்தப் பாசி வெளுத்து, அழுகி, விளைச்சல் சரிந்துவிட்டது. நெல்லில் ஒரே இரகத்தை ஊர் முழுக்க நட்டுப் புகையானிடம் பறிகொடுத்த அனுபவம் உள்ளவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டாம். ஒரே தாயிலிருந்து கிள்ளிக் கிள்ளிப் பெருக்கியது. எல்லாம் ஒரே சாயல். ஒன்றுக்கு வந்தது எல்லாவற்றுக்கும் வந்தது. உள்ளூர்க் கஞ்சிப் பாசியிலும் மரிக்கொழுந்திலும் சூட்டைத் தாங்கும் குடும்பங்கள் எங்கே இருக்கின்றன என்று தேடவும் கணக்குத்தான் வேண்டும்.

இதையெல்லாம் இன்று சொல்ல ஓர் அவசரம் உண்டு. 2020-இல் தொடங்கிய பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் கடற்பாசிக்குப் பெருந்தொகை ஒதுக்கப்பட்டது. 2023 செப்டம்பரில் இராமநாதபுரம் மாவட்டம் வளமாவூரில், 127 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்பில் பல்நோக்குக் கடற்பாசிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டினார்கள். மிதவைகள் இன்னும் பெருகும், பெருகட்டும். ஆனால் மிதவை போடும் இடத்துக்குக் கீழே கடல்புல் இருந்தால் என்ன ஆகும்? கடல்புல்லுக்கு, மேலே விழும் வெயிலில் பத்தில் ஒரு பங்காவது அடிக்கு எட்ட வேண்டும். புளியமரத்து நிழலில் கேழ்வரகு விதைத்தவர்களுக்கு இது தெரியும். அந்தப் புல்லுக்குள்தான் இறாலும் நண்டும் குஞ்சு மீனும் வளர்கின்றன. அதன் வேரைச் சுற்றியுள்ள நுண்ணுயிர்கள், பயறு வகைகளின் வேர் முடிச்சில் நடப்பதைப்போலவே தழைச்சத்தையும் சேர்க்கின்றன. ஆவுளியா என்ற கடல்பசு மேய்வதும் இதைத்தான். அதற்காகவே 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுரக் கிலோமீட்டரைத் தமிழக அரசு பாதுகாப்பகமாக அறிவித்தது. ஒரு கையால் மேய்ச்சல் நிலத்தைக் காத்து, மறு கையால் அதன்மேல் பந்தல் போட்டுவிடக் கூடாது.

எனவே என் கோரிக்கை எளிது. பழவேற்காட்டிலிருந்து கன்னியாகுமரி வரை, இடையில் உள்ள புதுச்சேரி, காரைக்கால் கரைகளையும் சேர்த்து, எங்கே பாசிப் பண்ணைக்கு அனுமதி கொடுப்பதானாலும் அதற்கு முன் அந்த இடத்தின் கடல் அடங்கலை எழுத வேண்டும். எழுதியதைத் தமிழில் அந்தந்த மீனவப் பஞ்சாயத்தில் ஒட்ட வேண்டும். செலவு அதிகம் என்று சொல்வார்கள். முறையைக் கேட்டால் சிரிப்பீர்கள். கரையிலிருந்து கடலுக்குள் நேராக ஒரு கயிறு. கயிற்றின்மேல் குறிப்பிட்ட தூரத்துக்கு ஒருமுறை ஒரு சட்டத்தை வைத்து, அதற்குள் என்னென்ன வகை, நூற்றுக்கு எத்தனை பங்கு மூடியிருக்கிறது, அடியில் மணலா சேறா, ஆழம் எவ்வளவு என்று குறிப்பது. மழைக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை. பயிர்க் காப்பீட்டுக்காக உங்கள் வயலில் ஐந்து மீட்டர்ச் சதுரம் அளந்து அறுத்து எடை போடுகிறார்களே, அந்த அறுவடைப் பரிசோதனையின் தம்பி இது. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. மண்டபத்தில் மத்திய நிலையங்கள் இருக்கின்றன. ஆள் இல்லை, அறிவு இல்லை என்று சொல்வதற்கில்லை. வேளாண் கல்லூரி மாணவர்களைக் கிராமத்தில் தங்கிப் பயில அனுப்புகிறோம். கடலோர மாவட்டங்களில் அந்த நாட்களில் ஒரு வாரத்தைக் கரைக்கு ஒதுக்கினால் என்ன குறைந்துவிடும்?

இத்துடன் நம் பக்கத்துக் குற்றத்தையும் சொல்லிவிட வேண்டும். வயலில் இடும் யூரியாவில் பயிர் எடுத்துக்கொள்வது நூற்றுக்கு முப்பது நாற்பதுதான். மிச்சத்தில் ஒரு பங்கு காற்றோடு, ஒரு பங்கு வடிகாலோடு. பாமணியாறும் கோரையாறும் முத்துப்பேட்டை வழியே எங்கே போய்ச் சேர்கின்றன? பாக்கு நீரிணைக்கு. இங்கே சங்கராபரணியும் தென்பெண்ணையும் எடுத்துச் செல்வது நேரே வங்கக் கடலுக்கு. உரச்சத்து மிகுந்த தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகளும் நூல் பாசிகளும் குபுகுபுவென்று பெருகிக் கடல்புல்லின் இலைமேல் படிந்து வெளிச்சத்தை மறைக்கின்றன. 2019 செப்டம்பரில் மன்னார் வளைகுடாவில் நாக்டிலூக்கா என்ற நுண்ணுயிர் பெருகி, மண்டபம் பக்கம் மீன்கள் செத்து ஒதுங்கின. 2023 அக்டோபரில் நம் புதுச்சேரிக் கடற்கரையில் தண்ணீர் செம்மண் கரைத்தாற்போல் சிவந்ததைப் பலர் நேரில் பார்த்திருப்பீர்கள். ஒருவர் ஆலைக் கழிவு என்றார், ஒருவர் ஆற்றுமண் என்றார், நுண்பாசி என்றார் இன்னொருவர். எல்லாவற்றுக்கும் உரத்தைக் குற்றம் சொல்வது நியாயமல்ல. நகரச் சாக்கடைக்கும் காற்றின் போக்குக்கும் பங்கு உண்டு. மாதாமாதம் தண்ணீரை எடுத்துப் பார்த்து எழுதிவைத்த கணக்கு இருந்தால் பழி தானாகவே உரியவர் தலையில் போய் உட்காரும். அதுவரையில் யூரியாவைப் பிரித்து மூன்று நான்கு தடவையாக இடுவதும், இலை வண்ண அட்டையைப் பார்த்து இடுவதும், மேலுரம் இட்ட அன்றே மடையைத் திறந்துவிடாமல் இருப்பதும் நம் கையில் உள்ளவை. காசும் மிச்சம்.

புதுச்சேரிக்காரன் என்ற உரிமையில் ஒரு பிரெஞ்சுச் செய்தியையும் சொல்லிவிடுகிறேன். பிரான்சின் பிரித்தானி, நார்மண்டிக் கரைகளில் விவசாயிகள் நெடுங்காலமாகக் கடற்பாசியை வயலுக்கு எருவாகப் போட்டவர்கள். பாசிக்காக ஊருக்கு ஊர் அடிதடி. பதினான்காம் லூயி மன்னன் காலத்தில், 1681-இல், கடல் விவகாரங்களுக்காக ஒரு பெரிய ஆணை பிறந்தது. பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் கால்வைத்து அப்போது ஏழே ஆண்டு. அந்த ஆணையில் பாசிக்கென்று ஒரு தனிப் பகுதி. ஆண்டுதோறும் ஜனவரி மாத முதல் ஞாயிறு, கோயில் பூசை முடிந்ததும், கரையோர ஊர் மக்கள் கூடி அந்த ஆண்டு பாசி வெட்டு என்று தொடங்கி என்று முடியலாம் என்று தீர்மானிக்க வேண்டும். இரவில் வெட்டக் கூடாது. அடுத்த ஊர் எல்லையில் வெட்டக் கூடாது. ஆனால் அலை தானாகக் கொண்டுவந்து கரையில் ஒதுக்கும் பாசியை யார் வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும் அள்ளலாம். மாலைக் கோயில் மணியடித்துக் காலத்தைக் கணக்கிட்ட நாளில், உயிரோடு நிற்கும் பாசி வேறு, ஒதுங்கிய பாசி வேறு என்று பிரித்துச் சட்டம் எழுதத் தெரிந்திருந்தது!

அந்தப் பிரிவினை நமக்கும் உதவும். இராமநாதபுரம், தூத்துக்குடிப் பக்கத்தில் தென்னைக்குக் கரை ஒதுங்கிய பாசியைப் போடும் வழக்கம் உண்டு. தடை செய்யப்பட்ட பூங்கா எல்லைக்கு வெளியே, ஒதுங்கியதை மட்டும் எடுப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: அப்படியே தென்னம்பாத்தியில் கொட்டாதீர்கள். மழையில் நனையும்படி பரப்பிவைத்தோ, நல்ல தண்ணீரில் அலசியோ உப்பைப் போக்குங்கள். பிறகு சாணம், இலைதழையுடன் அடுக்கி மக்கவைத்து, மணற்பாங்கான நிலத்துக்கே இடுங்கள். களர், உவர் நிலத்துக்கு வேண்டாம். சாம்பல்சத்து நன்றாக இருக்கும், மணிச்சத்து குறைவு, எனவே எலும்புத் தூளோ சூப்பரோ தனியாகக் கொடுக்க வேண்டியிருக்கும். கரையில் கிடப்பதையெல்லாம் வழித்துவிடவும் வேண்டாம். மணலைப் பிடித்து நிறுத்த அதற்கும் ஒரு வேலை இருக்கிறது.

பாகூர் நண்பருக்கு இத்தனையும் அன்றே சொல்லவில்லை. "உங்க கேள்விக்கு, புட்டியில இருக்கிற பாசி இங்க வெளையறது இல்லீங்க, இராமநாதபுரம் கடல்ல மூங்கில் மிதவையில வெளையுது, அதுக்கும் சொந்த ஊரு பிலிப்பைன்ஸ்" என்றேன். "அப்ப நம்ம கடல்ல என்னதான் இருக்குது?" என்று மறுபடியும் கேட்டார். விடுமுறை நாளில் வைத்திக்குப்பம் வாருங்கள், கல்மேல் ஏறிப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். வாங்கிவிட்ட புட்டியை வீணாக்க மனமில்லை என்றார். வழக்கமான உரத்தை முழுமையாக இட்டு, ஒரு காணியில் மட்டும் தெளித்து, மறு காணியைத் தெளிக்காமல் விடச் சொன்னேன். இரண்டும் ஒரே நாளில் நட்டவை, ஒரே மடைத் தண்ணீர். தை கடைசியில் அறுவடை. இரண்டையும் தனித்தனியாகத் தூற்றி எடை போடும் நாளில் நானும் களத்துக்கு வருவதாகப் பேச்சு.